ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரர்கள் ஏன் பழைய சகாக்களையே தேடுகிறார்கள்?

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், அவரைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். பெரிய காரணம் அந்தக் கயிறுதான். சியாச்சின் பனிமலை எல்லையில் ரோந்து போகும்போது எல்லோரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள், ஏனென்றால் பனிக்கு அடியில் பிளவு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது, ஒருவன் உள்ளே விழுந்தால் மற்றவர்கள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்தச் சின்னக் குடில், நாள் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்புப் புகை, காலையில் துப்பினால் கரியாக வரும் என்பார். நம் ராணுவம் அங்கே போன 1984லிருந்து குண்டில் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் போனவர்கள்தான் அதிகம்.

இதையெல்லாம் வீட்டில் யாரிடம் சொல்வது? சிப்பாய்கள் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள்ளேயே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்பா என்றால் வருஷத்துக்கு ஒருமுறை பச்சை டிரங்குப் பெட்டியோடு வந்து போன ஆள். பென்ஷன் வருகிறது, சரி, ஆனாலும் நிறையப் பேர் ஏதாவது ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்கிறார்கள். அந்த வயதில் புதிதாக ஒரு நட்பைப் பிடிப்பது சுலபமில்லை (எனக்கே வரவில்லை).

அப்பா வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ராணுவ கேன்டீன் வரிசையில் நின்றால் போதும், முன்பின் தெரியாதவரிடம்கூட “எந்த பட்டாலியன்?” என்று ஆரம்பித்து, சாமான் வாங்கவே மறந்துவிடுவார். பாலக்காட்டு நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் கூப்பிடுவார், இருவரும் தமிழும் மலையாளமும் பட்டாளத்து இந்தியும் கலந்து பேசுவது எங்கள் யாருக்கும் புரியாது.