ஆரஞ்சுத் துப்பாக்கி யாருக்கு?

லீவு விட்டால் போதும், கடிதத்தில் பாதிக்கு மேல் கேம் சண்டைதான். இந்த முறை வந்ததெல்லாம் பார்டர்லேண்ட்ஸ். தெரியாதவர்களுக்கு: 2009இல் கியர்பாக்ஸ் கம்பெனி தொடங்கிய வரிசை இது. பண்டோரா என்ற வறட்டுக் கிரகம். நான்கு பேர் வரை சேர்ந்து சுடலாம், சுட்டால் எதிரி துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் சாவான், எடுத்துக்கொண்டு லெவல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். முதல் பாகத்திலேயே 1 கோடியே 77 லட்சம் வகைத் துப்பாக்கி என்று கின்னஸில் இடம்பிடித்தது. அத்தனை இருந்தும் ஒன்றுக்காக அடித்துக்கொள்கிறார்கள், பாருங்கள்.

அக்கா, நாங்க மூணு பேர் பார்டர்லேண்ட்ஸ் 2 ஆடுறோம். நான் எடுத்த ஆள் மாயா, மத்தவங்க எடுத்தது ஜீரோ, சால்வடார். நக்கிள் டிராகர்ங்கற பெரிய எதிரியை அடிச்சப்போ ஆரஞ்சு நிறத்துல, அதாவது ரொம்ப அரிதான, ஹார்னெட் துப்பாக்கி விழுந்துது. நான் அடிபட்டுக் கிடந்த ஜீரோவைத் தூக்கிவிட்டுட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா சால்வடார் அதைப் பையில போட்டுட்டான். 'முதல்ல எடுத்தவனுக்குத்தான்'னு சொல்லுதான். இப்ப பேச்சே இல்ல. யாரு பக்கம் நியாயம்?
— ஒரு தம்பி, குளச்சல்

சட்டம் அவன் பக்கம், நியாயம் உன் பக்கம். அந்த கேமில் கீழே விழுவது எல்லாருக்கும் பொது. யார் கை முதலில் படுதோ அவனுக்கு. கேம் அவ்வளவுதான் பார்க்கும். நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பார்க்காது.

இதில் அடிபடுவது எப்பவும் உன்னை மாதிரி ஆள்தான் மக்ளே. விழுந்தவன் சில செகண்டுக்குள் கிடந்தபடியே ஒரு எதிரியைக் கொன்றால் எழும்பலாம், இல்லையென்றால் கூட்டாளி வந்து தூக்கிவிட வேண்டும். தூக்குகிறவன் பட்டனை அமுக்கிக்கொண்டு குனிந்தே இருக்கணும். அந்த நேரத்தில் மற்றவன் பெட்டியெல்லாம் திறந்து துடைத்துவிடுவான். மாயா ஆடுகிறவர்களுக்கு இது தலைவிதி. பின்னால் ஹார்மனி வரிசையில் 'ரெஸ்' என்ற திறமையை எடு. மாயாவின் ஃபேஸ்லாக் சக்தியை விழுந்தவன் மேல் போட்டால் தூரத்திலிருந்தே எழுப்பிவிடலாம். உன் கால் பெட்டிப் பக்கம் இருக்கும்.

ஆனால் பங்குத் தகராறு அதில் தீராது. குளச்சல்காரனுக்கு நான் பங்கு சொல்லித் தரணுமா? வள்ளத்துக்கு என்ன, வலைக்கு என்ன, ஆளுக்கு என்ன என்பதைக் கடலுக்குப் போகுமுன்பே பேசி வைத்திருப்பார்கள். மீன் கரைக்கு வந்தபிறகு 'நான்தான் முதலில் வலையைப் பிடித்தேன்' என்று எவனும் பங்கை மாற்ற முடியாது. நீங்களும் முதலிலேயே பேசுங்கள். யாராவது தரையில் கிடக்கும்போது பெட்டி திறக்கக் கூடாது. கிளாஸ் மாட் (ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக உள்ள கருவி) என்றால் அந்த ஆளுக்குத்தான், வேறொருவன் மாட்ட முடியாததை எடுத்து வைப்பது வெறும் குசும்பு. ஆரஞ்சு விழுந்தால் எவன் ஆட்டத்துக்கு அது உதவும் என்று பார்த்துக் கொடுங்கள், அடுத்த ஆரஞ்சில் அவனுக்குக் கடைசி முறை. 'டூயல் (ஒத்தைக்கு ஒத்தை சண்டை) போட்டு ஜெயிச்சவனுக்கு' என்று சால்வடார் சொல்வான், சம்மதிக்காதே. இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கிறவனிடம் என்ன டூயல்?

ஹார்னெட்டுக்காக ரொம்ப வருந்தவும் வேண்டாம். சேவ் பண்ணி வெளியே வந்து திரும்பப் போனால் நக்கிள் டிராகர் பழையபடி நிற்பான். பொறுமை இருந்தால் இன்னொன்று விழும்.

2019இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாக விழும்படி வைத்துக்கொள்ளலாம், சண்டையே வராது. எனக்கு என்னவோ அது ருசிக்கவில்லை. 'எல்லே, ஷாட்கன் ஒண்ணு கிடக்கு, யாருக்கு வேணும்?' என்று கூப்பிடுவதில்தான் கூட்டாளித்தனமே இருக்கு.

தோஹாவில் இருக்கும் அண்ணன் 30ஆம் லெவல், நான் 8. அவன் ஆட்டத்தில் சேர்ந்தால் உடனே செத்துப்போகிறேன். எங்கள் ஊரில் மழை வந்தால் கரண்டும் போய்விடும். என்ன செய்ய?
— ரப்பர் பால் வெட்டும் வாசகர், குலசேகரம்

இரண்டாம் பாகம்தானே? அதில் எதிரிகளின் பலம் ஆட்டத்தை நடத்துகிறவரின் கதை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எதிரி தலைக்கு மேல் எண்ணுக்குப் பதில் மண்டையோடு தெரிந்தால் ஓடிவிடுங்கள், உங்கள் குண்டு அவனுக்குச் சொறிந்துவிட்ட மாதிரி. அண்ணன் பாசத்தில் 30 லெவல் துப்பாக்கியைத் தந்தாலும் உங்களால் கையில் எடுக்க முடியாது. அண்ணனைப் புது ஆளாக முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு மனசில்லை என்றால் மூன்றாம் பாகத்துக்கு மாறுங்கள், அங்கே அவரவர் லெவலுக்கு ஏற்றபடி எதிரி தெரிவான்.

அண்ணன் வீட்டிலிருந்தே ஆட்டத்தை நடத்தட்டும். நடத்துகிறவர் வீட்டில் கரண்ட் போனால் எல்லாருக்கும் ஆட்டம் அறுந்துபோகும். உங்கள் வீட்டில் போனால் நீங்கள் மட்டும்தான் விழுவீர்கள். நல்லது ஏதாவது கிடைத்தால் நீல வெளிச்சத்தோடு நிற்கும் நியூ-யூ கம்பத்தைக் கடந்துவிடுங்கள், அங்கே சேவ் ஆகும். நேரம்தான் சிக்கல்: அங்கே ராத்திரி 9 என்றால் இங்கே 11.30. விடியக்காலம் பால் வெட்டப் போகிறவருக்கு அது சரிப்படாது. வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு, பகலிலேயே வையுங்கள்.

ஊதா நிறத் துப்பாக்கியை விட்டுப் பச்சையை எடுக்கலாமா?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

தாராளமாக. வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்பது எவ்வளவு அரிது என்பதற்கான வரிசைதான். 20ஆம் லெவல் ஊதாவைவிட 27ஆம் லெவல் பச்சை பெரும்பாலும் நன்றாகவே அடிக்கும். நிறத்தைவிட, கேமுக்குள் அந்தத் துப்பாக்கியைச் செய்த கம்பெனியைப் பாருங்கள். ஜேக்கப்ஸ் என்றால் விரல் எவ்வளவு வேகமோ குண்டும் அவ்வளவு வேகம். ஹைப்பீரியன் சுடச்சுடக் குறி சேரும். டெடியோர் வேடிக்கையானது: குண்டு தீர்ந்தால் நிரப்புவதில்லை, துப்பாக்கியையே எறிகிறோம், அது போய் வெடிக்கும், கையில் புதிது முளைக்கும். மீதிக் குண்டு எவ்வளவோ வெடியும் அவ்வளவு பெரிசு. அதனால் பாதியிலேயே எறிவதுதான் லாபம். அப்புறம், சதைக்கு நெருப்பு, ஷீல்டுக்கு மின்சாரம், இரும்புக்கு அமிலம். மூன்றும் பையில் இருக்கட்டும்.

என் மகன் எட்டாம் வகுப்பு. விளையாடலாமா? காசு பிடுங்குமா?
— ஒரு தாய், நாகர்கோவில்

வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் ஏராளம். இரண்டாம் பாகத்தில் துப்பாக்கிக்காகக் காசு கேட்பதில்லை, நல்ல துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கும் தங்கச் சாவியும் இலவசக் கோடு (code) போட்டாலே கிடைக்கும். கூடுதல் கதைகளுக்கும் உடுப்புகளுக்கும்தான் விலை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இப்போது தேவையில்லை.

2025இல் வந்த நான்காம் பாகம் என் பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா?
— இரணியல் வாசகர்

ஓடாது. குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2070 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம் கேட்கிறது. இரண்டாம் பாகத்துக்கு 2 ஜிபி ராம் போதும்.

நீங்கள் எந்த ஆள் அக்கா?
— தக்கலை வாசகி

ஆக்ஸ்டன். டரட்டை நட்டுவைத்தால் அது பாட்டுக்குச் சுடும். 20 செகண்ட்தான் நிற்கும், ஆனால் அடுக்களைக்கு ஓடி மரச்சீனி வேகிற அடுப்பைக் குறைத்துவிட்டு வர அது போதும்.