ஈரத்தில் ஒளிர்ந்த கிண்ணம் காய்ந்ததும் ஏன் மங்கியது?

வாசகர் ஒருவரின் கேள்வி: “பச்சை (இன்னும் காயாத) மரத்தில் 150 மி.மீ. அகலக் கிண்ணம் ஒன்றைக் கடைந்தேன். சுவர் கனம் 2 மி.மீ. லேத்தில் இருந்தபோது விளக்கு வெளிச்சம் உள்ளே அழகாக ஊடுருவியது. இரண்டு நாளில் காய்ந்ததும் ஒளி போய்விட்டது. அடுத்ததை இன்னும் மெல்லியதாக்கப் பார்த்தேன், வாய் ஓரம் அதிர்ந்து உடைந்தது. எவ்வளவு மெல்லியதாகப் போக வேண்டும்?”

2 மி.மீ. போதும். உங்கள் கிண்ணம் மங்கியதற்குக் கனம் காரணம் இல்லை, தண்ணீர் போனதுதான் காரணம்.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) சுமார் 1.53, காற்றுக்கு 1. காய்ந்த மரத்தில் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் காற்று இருப்பதால், ஒளி சுவரைத் தாண்டும் இடமெல்லாம் சிதறித் திரும்பிவிடுகிறது. பச்சை மரத்தில் அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது, அதன் எண் 1.33. வித்தியாசம் குறைவதால் ஒளி அதிகம் சிதறாமல் வெளியே வருகிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஒளி விடுவதும் இதனால்தான். ஆளிவிதை எண்ணெயின் எண் சுமார் 1.48, மரத்துக்கு மிக அருகில். தண்ணீர் வெளியேறிய இடத்தை எண்ணெயால் நிரப்பினால், லேத்தில் நீங்கள் பார்த்த வெளிச்சம் திரும்ப வரும், பெரும்பாலும் அதைவிட நன்றாகவே.

எனவே, உங்கள் முழுக் கவனமும் சுவர் ஒரே சீராக இருப்பதில் இருக்கட்டும். 2 மி.மீ. சுவர் எங்கும் 2 மி.மீ. ஆக இருந்தால் காயும்போது கோணி நீள்வட்டமாகும், ஆனால் அநேகமாக வெடிக்காது. வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெல்லிய சுவர் வளைந்துகொடுத்து அந்த இழுப்பைத் தாங்கிவிடும். வாய் மெல்லியதாகவும் அடி தடிமனாகவும் இருந்தால்தான் சிக்கல்: வாய் முதலில் காய்ந்து இறுகும், அடி பிறகு இழுக்கும், நடுவில் கீறல் விழும்.

இப்போது உடைந்த வாய்க்கு வருவோம். அடிவரை குடைந்து முடித்துவிட்டு, மறுபடி விளிம்புக்குப் போய்ச் சீவினீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் விளிம்பைத் தாங்க உள்ளே கட்டை இல்லை. வெளிப்புறத்தை முதலில் முழுதாக முடித்து, உப்புத்தாளும் போட்டுவிடுங்கள். அப்புறம் உள்ளே, விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 25 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் குடைந்து, அந்தப் பட்டையை இறுதிக் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுக்கட்டை அப்படியே நிற்கட்டும், சுவரை ஆடவிடாமல் பிடிப்பது அதுதான். பிறகு அடுத்த 25 மி.மீ. முடித்த பட்டைக்கு எக்காரணம் கொண்டும் உளியைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். சிறு மேடு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு கையால் தேய்க்கலாம்.

ஒவ்வொரு பட்டையின் கடைசிச் சீவலுக்கும் முன்னால் கௌஜ் எனும் குழிந்த கடைசல் உளியைச் சாணை பிடியுங்கள். உளியின் சாய்முகம் மரத்தில் உரசியபடியே போக வேண்டும். இடது கை விரல்கள் வெளிச்சுவரை லேசாகத் தொட்டபடி, உளி வெட்டும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும். அழுத்த வேண்டாம், சூடு தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். சீவல் சத்தம் சீராக இருக்கும்வரை பயமில்லை. கரகரவென்று மாறினால் சுவர் அதிரத் தொடங்கிவிட்டது, வேகத்தைக் குறையுங்கள். முழு முகத்தையும் மறைக்கும் தடுப்புக் கவசம் கட்டாயம், கையுறை கூடாது.

விளக்கை வெளியே, சுவருக்குப் பின்னால் வைத்து உள்ளிருந்து பாருங்கள். சூடாகாத, பேட்டரியில் எரியும் எல்இடி நல்லது, ஏனென்றால் தண்ணீர் தெறிக்கும். கனமான இடம் இருண்ட சிவப்பாகவும், மெல்லிய இடம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளாகவும் தெரியும். பலர் இங்கேதான் ஓட்டை போடுகிறார்கள். வேலை நடக்கும்போதே சுவர் காயத் தொடங்கும், காய்ந்த இடம் இருண்டு தெரியும். கனம் அதிகம் என்று நினைத்து அங்கே இன்னும் சீவினால் உளி வெளியே வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்த பிறகே நிறத்தை நம்புங்கள். அடிப்பாகத்தில் கட்டையைப் பிடித்திருக்கும் சக் வெளிச்சத்தை மறைப்பதால் அங்கே விளக்கு உதவாது. உள்ளாழத்தை அளந்து, வெளி உயரத்திலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். சுவர் அடியோடு சேரும் வளைவில்தான் மரம் தேங்கும், என் முதல் கிண்ணங்களில் பல அங்கேதான் வெடித்தன.

கடைந்ததும் காற்று நேராக அடிக்காத இடத்தில் காயவிட்டு, தினமும் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பிறகு ஆளிவிதை அல்லது டங் எண்ணெயில் ஊறவையுங்கள். சமையல் எண்ணெய்களில் பல இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். வார்னிஷ் மேலே படலமாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. எடுத்துத் துடைத்து, இறுகவிட்டு, மெல்லிய உப்புத்தாள் போட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும். ஹவாயில் வாழ்ந்த மரக் கடைசல் கலைஞர் ரான் கென்ட் நார்ஃபோக் தீவுப் பைனில் செய்த ஒளிரும் கிண்ணங்கள் இப்படிப் பலமுறை ஊறித் தேய்க்கப்பட்டவை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், எண்ணெய் இறுகும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை வெளிர் நிறமே நல்லது: மேப்பிள், பிர்ச், ஆஸ்பென். வைரம் பாய்ந்த கருங்கட்டைகள் எவ்வளவு மெலிந்தாலும் ஒளி விடாது, அதே மரத்தின் வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர் கட்டை) விடலாம். நார்ஃபோக் பைனில் கிளைகள் ஒரே மட்டத்தில் வட்டமாக முளைப்பதால், தண்டின் நடுவை லேத்தின் அச்சில் வைத்துக் கடைந்தால் முடிச்சுகள் கிண்ணத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும். எந்தக் கட்டையானாலும் அதிலிருந்து முதலில் 2 மி.மீ. வில்லை ஒன்றை அறுத்துக் காயவைத்து, எண்ணெயில் ஊறவைத்து விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். அது ஒளி விட்டால் கட்டையை லேத்தில் ஏற்றலாம்.