குரல்களின் கூடு

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியை ஹவாயில் ஹவாய் மொழி மாதமாகக் கொண்டாடுகிறார்கள் என்று படித்தேன். 'அலோஹா' தவிர அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரிந்த ஊரில், சாகக் கிடந்த மொழியை இவ்வளவு பாடுபட்டு மீட்பதால் என்ன பயன்? விழா எடுத்தால் மொழி பிழைத்துவிடுமா?

மு. செல்வி,
கோவில்பட்டி

அன்புள்ள செல்வி,

விழாவால் பிழைக்காது. ஹவாய் மொழி பிழைத்தது மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் வாயில். அந்த மாதக் கொண்டாட்டமெல்லாம் பின்னால் வந்தது.

'சாகக் கிடந்த' என்கிறீர்கள். அது தானாக நோயில் விழுந்த மொழி அல்ல. 1834 முதல் 1948 வரை ஏறத்தாழ நூறு செய்தித்தாள்கள் அதில் வெளிவந்திருக்கின்றன. தொல்கதைகள், இரங்கற்பாடல்கள், உங்களுடையதைப் போன்ற வாசகர் கடிதங்கள் எல்லாம் அவற்றில் அச்சேறின. 1893இல் ஹவாயை ஆண்ட ராணி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மூன்றே ஆண்டுகளில், பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் வளர்ந்து பெற்றோரானபோது, நாங்கள் பட்ட பாடு இவர்களுக்கு வேண்டாம் என்று குழந்தைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். என்னால் தாங்க முடியாத இடம் இதுதான். பிள்ளைமேல் வைத்த பாசமே மொழியை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் அதைச் சரளமாகப் பேசிய, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. நீஹாவ் என்ற சிறு தீவில் மட்டும் அது வீட்டுமொழியாக நீடித்தது.

1978இல், அமெரிக்க மாநிலமாகிவிட்ட ஹவாயின் அரசியலமைப்பு அதை ஆட்சிமொழியாக ஏற்றது. ஆனால் வகுப்பறைக் கதவு திறக்கவில்லை. 1984இல் கவாய் தீவின் கெகாஹாவில் ஒரு மழலையர் பள்ளி தொடங்கினார்கள். 'பூனன லெயோ' என்று பெயர். குரல்களின் கூடு என்று பொருள். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமிருந்து கற்ற வழி அது. விளையாட்டு, சாப்பாடு, அழுகை, சமாதானம் எல்லாம் ஹவாய் மொழியில்தான். சொல்லிக்கொடுக்க வந்த பெரியவர்களிடம் மொழி இருந்தது, ஆசிரியர் சான்றிதழ் இல்லை. பள்ளியில் அந்த மொழிவழிக் கல்விக்கு இருந்த பழைய தடையை நீக்கப் பெற்றோர்கள் 1986 வரை போராடவேண்டியிருந்தது. அவர்களும் மாலையில் உட்கார்ந்து மொழி படித்தார்கள்; பகலில் பிள்ளை பேசுவது இரவில் வீட்டில் புரியவேண்டுமே. மறு ஆண்டே அரசுப் பள்ளிகளிலும் ஹவாய் வழிக் கல்வி தொடங்கியது. 1999இல் முழுக்க அந்த மொழியிலேயே படித்த முதல் மாணவர்கள் பள்ளியை முடித்து வெளியே வந்தார்கள்.

இனி, என்ன பயன் என்ற கேள்வி. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை யாரும் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஹவாய் மொழியில் கேட்பவரையும் சேர்த்தால் 'காகோவு', சேர்க்காவிட்டால் 'மாகோவு'. ஆங்கிலத்துக்கு மாறிய குழந்தை தன் பாட்டியைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறதா, விலக்கிவிட்டுப் பேசுகிறதா என்பது சொல்லிலிருந்து தெரியாமல் போயிற்று. இன்று ஹவாயின் ஹீலோ நகரில் ஒரு பிள்ளை 'காகோவு' என்றால் பாட்டிக்குத் தெரியும், தன்னையும்தான் கூப்பிடுகிறது என்று.

இருவர் மட்டும் என்றால், நீயும் நானும் என்பதற்கு 'காவுவா' என்று தனிச்சொல் இருக்கிறது. அப்படி ஒரு சொல் நம் தமிழிலேயே இல்லை, செல்வி.