கிரீன் கார்டில் இருப்பவர் மெடிக்கல் மரிஹுவானா கார்டு வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். கார் விபத்தில் டிஸ்க் விலகி, 2 வருடமாகத் தீராத முதுகுவலி. குடும்ப டாக்டரிடம் மெடிக்கல் மரிஹுவானா கார்டுக்கு (நோயாளி மருந்தாகக் கஞ்சா வாங்க மாநிலம் தரும் அட்டை) சான்று கேட்டால், போதைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்து மறுத்துவிட்டார். அவர் மேல் வழக்குப் போடலாமா? அந்தக் கார்டுக்குத் தகுதியான நோய்களின் பட்டியலில் என் வலி வருமா? ஆபீஸ் நண்பர் கொடுத்த கஞ்சா மிட்டாயை (gummy, கம்மி) இரண்டு தடவை சாப்பிட்டேன், அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். டிசம்பரில் சென்னை போகிறேன், வந்ததும் சிட்டிசன்ஷிப்புக்குப் போட வேண்டும்.

பதில்: டாக்டரை விடுங்கள். மாநில சுகாதாரத் துறையில் பதிவு செய்துகொண்ட டாக்டர்தான் அந்தச் சான்றே தர முடியும், பதிவு செய்தவரும் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வழக்கு நிற்காது. பட்டியலைப் பொறுத்தவரை, மாநிலத்தின் 2016 சட்டத்திலேயே கடுமையான நாள்பட்ட வலி இருக்கிறது, புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன் எல்லாம் இருக்கிறது, பதற்ற நோயை 2019-இல் சேர்த்தார்கள். உங்கள் வலி தகுதி பெறலாம். ஆனால் நீங்கள் வாங்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் இன்னும் சிட்டிசன் இல்லை.

குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது. அதன் கண்ணில் கஞ்சா, போதைப்பொருள்களை ஆபத்துக்கேற்ப அட்டவணைகளாகப் பிரிக்கும் 1970 மத்திய சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலம் கொடுத்த கார்டு அங்கே செல்லாது. கஞ்சாவைக் கீழ் அட்டவணைக்கு இறக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், எந்த அட்டவணையில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். இதில் கைதோ தண்டனையோகூடத் தேவையில்லை, அதிகாரி முன்னால் நீங்களே ஒப்புக்கொண்டாலே போதும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோவில் வாந்தி நிற்காமல் முறைப்படி கார்டு வாங்கியவர். சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் அதிகாரி போதைப்பொருள் பற்றிக் கேட்டதும், மறைக்க எதுவுமில்லை என்ற தைரியத்தில், பர்ஸில் டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால் இருந்த அந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். 2019 ஏப்ரலில் வந்த வழிகாட்டுதலே இருக்கிறது, மாநிலம் அனுமதித்த கஞ்சாவும், சிட்டிசன்ஷிப்புக்குக் காட்ட வேண்டிய நன்னடத்தையைக் கெடுக்கலாம் என்று. மனு தள்ளுபடி. அடுத்த வருடம் மதுரையில் அவருடைய அம்மா இறந்தபோது, போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று சொல்ல முடியாமல், போகாதீர்கள் என்று சொன்னவன் நான்தான். இன்னும் அது எனக்கு உறுத்துகிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெரிய ஆபத்து கார்டில் இல்லை, "இரண்டு தடவை" என்று போகிறபோக்கில் எழுதியதில் இருக்கிறது. நன்னடத்தை விதியில் ஒரு சிறு விலக்கு உண்டு, 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும். இரண்டு என்றால் அதற்குள் அடங்காமல் போகலாம். அதற்காக இன்டர்வியூவில் இல்லை என்று பொய் சொல்லாதீர்கள், சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய் இதைவிடப் பெரிய குற்றம்.

அதனால் டாக்டரிடம் சமாதானமாகப் போங்கள், வலிக்கு வேறு மருந்தும் பிசியோதெரபியும் கேளுங்கள். இனி ஒரு கம்மிகூட வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்ட நாளிலிருந்து 5 வருடம் தாண்டும்வரை சிட்டிசன்ஷிப்புக்குப் போடாதீர்கள். சென்னைப் பயணத்தை நிறுத்தி வையுங்கள், திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் உங்கள் போனைத் திறந்து பார்க்க அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு, அந்த நண்பரோடு பேசிய மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கும். ஒரு குடியேற்ற வழக்கறிஞரை நேரில் பார்த்த பிறகு டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.