லூபஸ் உள்ள குடும்பங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: தங்கைக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்). லேப் பேக்கேஜில் வீட்டில் எல்லாரும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு ஏ.என்.ஏ. (சொந்தச் செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ். எனக்கும் லூபஸா? (செந்தூல்)

ப: டைட்டர் (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) எவ்வளவு என்று எழுதவே இல்லையே! அது தெரியாமல் எதைச் சொல்வது? நோயே இல்லாதவர்களிலும் 1:40இல் நாலில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் வரும். 1:80இல் 100க்கு 10, 15 பேர். 1:160இல் 5 பேர். லூபஸ்காரரின் உடன்பிறப்புகளிடம் இது இன்னும் கூடுதல், ஆனால் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. தைராய்டு கோளாறு இருந்தாலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரும். ஒருவருக்கு லூபஸா என்று வகைப்படுத்தும் 2019 புள்ளி முறையில் 1:80 வெறும் வாசற்படி. அதைத் தாண்டி மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்த அணு என்று 10 புள்ளி சேர வேண்டும். அறிகுறி இல்லாத குடும்பத்துக்கே ஏ.என்.ஏ. எடுக்கும் பேக்கேஜ் விற்பவருக்கு லாபம். வாங்கியவருக்கு ரிங்கிட்டும் போச்சு, தூக்கமும் போச்சு. காலையில் மூட்டு விறைப்பு, வெயில் பட்டால் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், நுரைத்த சிறுநீர் இருந்தால் மட்டும் அரசாங்கக் கிளினிக்கில் சிறுநீர்ப் புரதம், முழு ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், ரத்த அழுத்தம் பாருங்கள். அதில் கோளாறு தெரிந்தால் டிஎஸ்-டிஎன்ஏ (லூபஸில் காணும் இன்னொரு ஆன்டிபாடி), சி3, சி4 (நோய் கிளம்பும்போது குறையும் ரத்தப் புரதங்கள்). ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். நோய் ஏறுவதும் இறங்குவதும் அதில் தெரியாது.

கே: ஒரே கரு இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் நிச்சயமா? (ஆயர் ஈத்தாம்)

ப: இல்லை. 100க்கு 25, 30. சிகரெட் பிடிப்பவளாக இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

கே: எனக்கு லூபஸ். அப்பாவுக்கும் எனக்கும் சி4 எப்போதும் குறைவு. நோய் கிளம்பிவிட்டதா? (பட்டர்வொர்த்)

ப: சி4 மரபணுப் பிரதிகள் பிறவியிலேயே குறைவாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்களுடைய வழக்கமான அளவோடு ஒப்பிடுங்கள். அதிலிருந்து சரிந்தாலோ, சி3யும் கூடவே இறங்கினாலோதான் கவலை. சிறுநீரையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

கே: எனக்கு எந்த நோயும் இல்லை, ரோ ஆன்டிபாடி (லூபஸ்காரர்களிடம் காணும் ஒரு வகை ஆன்டிபாடி) மட்டும் பாசிட்டிவ். 12 வாரக் கர்ப்பிணி. (பிரிக்பீல்ட்ஸ்)

ப: இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் இதய மின்பாதையைத் தாக்கலாம், 100க்கு 1, 2. முன்பு ஒரு குழந்தைக்கு அப்படி ஆகியிருந்தால் 15க்கு மேல். 16ஆம் வாரத்திலிருந்து 26 வரை கருவின் இதய ஸ்கேன் எடுப்பது பற்றி டாக்டரிடம் உடனே பேசுங்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தேவையா என்பதையும் கேளுங்கள்.

கே: எதிர்ப்புச் சக்தி கூட்டும் அல்ஃபால்ஃபா மாத்திரை அம்மாவுக்குத் தரலாமா? அவருக்கு லூபஸ். (ஜார்ஜ்டவுன்)

ப: வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மிதமிஞ்சி ஓடும் சக்தியை இன்னும் தூண்டுவானேன்? அல்ஃபால்ஃபாவில் உள்ள எல்-கேனவனைன் என்ற அமினோ அமிலம் நோயைக் கிளப்பக்கூடியது.