ஸ்டெத்தை ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டு படிக்கிறேன், மேடம். புதிதாக வாங்கிய ஸ்டெத்தாஸ்கோப்பைக் காதில் மாட்டினாலே வலிக்கிறது. பி.பி. பார்க்கும்போது தோழிகளுக்கெல்லாம் 'டக் டக்' என்று கேட்கிறது, எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருப்பதால் அவர்கள் சொல்லும் எண்ணையே நானும் எழுதிவிடுகிறேன். என் காதில் கோளாறா? விலை கூடின ஸ்டெத் வாங்கினால் சரியாகுமா?
— மாணவி, திண்டுக்கல்

பதில்: அடுத்தவர் சொன்ன எண்ணை எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் எழுதுகிற அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒருவருக்கு மாத்திரை கொடுப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். "எனக்குக் கேட்கவில்லை சிஸ்டர், நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலாண்டில் இதைச் சொல்லப் பழகியவர்கள்தான் பின்னாளில் நம்பி வார்டை ஒப்படைக்கக்கூடிய நர்சுகளாக வருகிறார்கள்.

சரி, இப்போது ஸ்டெத். காதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஸ்டெத்தின் தலையை, அதாவது நோயாளியின் உடம்பில் வைக்கும் பகுதியை, பாருங்கள். ஒரு பக்கம் அகலமான டயஃப்ரம், மறுபக்கம் சின்ன பெல் என்று இரண்டு பக்கம் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் வழி திறந்திருக்கும். காதில் மாட்டிக்கொண்டு டயஃப்ரத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள் (மெல்ல, ஓங்கித் தட்டினால் காது வலிக்கும்). சத்தம் மந்தமாக வந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டு தலையை 'க்ளிக்' என்று விழும்வரை திருப்பிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கியவர்கள் "கேட்கவில்லை" என்று கொண்டுவருகிற ஸ்டெத்தில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

அடுத்தது மாட்டும் திசை. காதுத் துவாரம் உள்ளே நேராகப் போவதில்லை, சற்று முன்பக்கமாக, மூக்கை நோக்கிச் சாய்ந்து போகிறது, அதனால்தான் காதுக்குழாய்களையும் சாய்வாகச் செய்திருக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்கும்போது காதுமுனைகள் உங்களை விட்டு விலகி எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டும், அப்படியே தூக்கி மாட்டுங்கள். பின்பக்கம் பார்க்க மாட்டினால் முனை காதுச் சுவரில் போய் முட்டும், வலியும் வரும், சத்தமும் அடைபடும். உங்களுக்கு இரண்டுமே இருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

திசை சரியாக இருந்தும் இறுக்கிப் பிடித்தால், காதுமுனைகளுக்குப் பக்கத்தில் உள்ள வளைவில் இரண்டு கைகளாலும் பிடித்து உலோகக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டுங்கள், ஒவ்வொரு முறையும் மாட்டிப் பாருங்கள். ரொம்பத் தளர்ந்துவிட்டால், உலோகக் குழாய் ரப்பருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டையும் சேர்த்து நெருக்கினால் பழையபடி இறுகும். காதுமுனையின் அளவும் முக்கியம், நல்ல ஸ்டெத்துடன் பெட்டியிலேயே வேறு அளவில் இன்னொரு ஜோடி வரும், அதையும் போட்டுப் பாருங்கள். மாட்டியதும் வார்டு இரைச்சல் சட்டென்று குறைந்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் தணிந்த ஒலிதான் முதலில் காணாமல் போகும், பி.பி. சத்தமோ தணிந்த ஒலி. முனைகள் குழாயில் அழுத்தமாக மாட்டியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் வைக்கிற இடம் தவறு. நோயாளியின் கையை நீட்டி உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, முழங்கை மடிப்பில் சுண்டுவிரல் பக்கமாக விரலால் நாடியைத் தேடுங்கள், துடிப்பு கிடைத்த இடத்தில்தான் ஸ்டெத். மடிப்பின் நடுவில் குத்துமதிப்பாக வைத்தால் கிடைக்காது. கையில் சுற்றும் காற்றுப் பட்டையான கஃபின் கீழ் ஓரம் மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும், ஸ்டெத்தின் தலையைக் கஃபுக்குள் செருகாதீர்கள்.

இன்னொன்றைப் பலருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கஃபில் காற்று ஏற்றாமல் முழங்கையில் ஸ்டெத் வைத்தால் யாருக்கும் எதுவும் கேட்காது! அழுத்தப்பட்ட ரத்தக்குழாய் வழியே ரத்தம் பிதுங்கி ஓடும்போதுதான் அந்தச் சத்தம் பிறக்கிறது, 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்னது இதைத்தான். அதனால் முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றை ஏற்றி, நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்க இறக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். முதல் சத்தம் எங்கே வரும் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் காது அதற்குத் தயாராக இருக்கும். கல்லூரி லேபில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கிற டீச்சிங் ஸ்டெத் இருந்தால் உங்கள் டியூட்டரைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

விலை கூடினது இப்போதைக்குத் தேவையில்லை. தோழியின் ஸ்டெத்தை முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். அதிலும் கேட்கவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள், வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கலாம். கேட்கும் திறனே குறைவு என்று தெரிந்தாலும் கலங்கவேண்டாம், ஒலியைக் கூட்டித் தரும் எலெக்ட்ரானிக் ஸ்டெத்துகள் இருக்கின்றன. இதற்காக யாரும் நர்சிங்கை விடவேண்டியதில்லை.

கேள்வி: எந்த நோயாளியின் நெஞ்சில் வைத்தாலும் எனக்கு 'நற நற' என்றே கேட்கிறது. எல்லோருக்குமா நுரையீரலில் சளி இருக்கும்?
— மாணவர், தஞ்சாவூர்

பதில்: துணிமேல் வைக்கிறீர்களா? உரசல் அப்படித்தான் கேட்கும். தோல்மேல் வையுங்கள், பெண் நோயாளி என்றால் சொல்லிவிட்டு, ஸ்கிரீன் போட்டு, பெண் ஊழியர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு. மார்பு முடி உரசினாலும் இதே சத்தம் வரும், முடியைக் கொஞ்சம் ஈரமாக்கி, அழுத்தி வைத்துப் பாருங்கள். குழாய் கட்டில் கம்பியிலோ உங்கள் சட்டையிலோ பட்டாலும் கேட்கும். வாயைத் திறந்து ஆழமாக மூச்சுவிடச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகு மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரே இடத்தில் நறநறத்தால் அது உரசல் இல்லை, உடனே டியூட்டி சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு வருடத்தில் குழாய் விறைத்துவிட்டது. ஏன்?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: கழுத்தில் நேரடியாகத் தோல்மேல் கிடந்தால் பிசுக்கு ஏறி விறைக்கும், காலர்மேல் போடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தண்ணீரில் முக்கவேண்டாம், ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும். விறைத்த குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், இருந்தால் சத்தம் கசியும், குழாயை மாற்றிவிடுங்கள்.