ஹாஸ்பிஸுக்காகக் கொடிமலை ஏறுமுன்

கேள்வி: வயது 48. இனிப்புநீருக்கு மாத்திரை எடுக்கிறேன். பினாங்கில் நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றுக்கு நிதி திரட்ட, ஒரே நாளில் மூன்று முறை கொடிமலையை நடந்து ஏற எண்ணம். எப்படித் தொடங்குவது?

பதில்: மூன்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தாவரவியல் பூங்கா அருகே தொடங்கும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறிவிட்டு மறுநாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது புரியும். நான்கு ஞாயிறு, வாரத்துக்கு ஓர் ஏற்றம் என்று மாற்றுங்கள். வசூலுக்கும் அதுதான் நல்லது: ஒரு நாள் சாகசத்துக்கு ஒரு முறைதான் வாட்ஸ்அப்பில் கேட்க முடியும், நான்கு வாரத்துக்கு நான்கு முறை கேட்கலாம். நான்கில் ஒரு ஞாயிறாவது சம்பளம் போட்ட வாரத்தில் விழட்டும்.

பலர் சறுக்குவது மலையில் அல்ல, பணத்தில். சொந்தக் கணக்கில் வசூலித்து மொத்தமாகக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வரும். கொடுத்தவர்களுக்கு வரிக் கழிவு போய்விடும். அதனால் முதலில் ஹாஸ்பிஸ் அலுவலகத்தை அழைத்து மூன்றைக் கேளுங்கள்: உங்கள் முயற்சிக்கு ஒப்புதல் கடிதம், பணம் நேரே அவர்கள் கணக்குக்குப் போக வங்கி விவரம் அல்லது டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் குறியீடு), வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் ரசீது தரும் அனுமதி இருக்கிறதா என்ற பதில். தனிநபருக்கு அந்தக் கழிவு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். ரசீது வேண்டியவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் நேரே அலுவலகத்துக்கே அனுப்பட்டும். உங்கள் கைப்பேசியில் சேர வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில் உண்டியல் ஏந்தும் ஆசை வந்தால், வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பது பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் முன்கூட்டியே வேண்டும்.

"ஓர் ஏற்றத்துக்கு 5 ரிங்கிட்" என்று வாக்கு வாங்காதீர்கள். பிறகு வசூலிப்பது மலையேறுவதைவிடக் கடினம். முழுத்தொகையை முன்பே கேளுங்கள்: 60 பேர், ஆளுக்கு 50 ரிங்கிட் என்றால் 3,000. நெருங்கிய ஐந்து பேர் முதலில் கொடுத்தபின் மற்றவர்களிடம் போங்கள். வெறும் தட்டில் யாரும் முதல் காசு போடமாட்டார்கள். தாதியர் வருகை, வலி நிவாரண மருந்து என்று பணம் எதற்குப் போகிறது என்பதை ஹாஸ்பிஸிடமே கேட்டு எழுதுங்கள். நோயாளியின் படம் வேண்டாம்.

உடம்புக்கு எட்டு வாரப் பயிற்சி போதும். வாரம் மூன்று நாள் அடுக்குமாடிப் படிகளில் 20 நிமிடத்தில் தொடங்கி 60 வரை கூட்டுங்கள். முழங்காலைக் கெடுப்பது இறக்கம். மேலேயிருந்து ரயிலில் இறங்குங்கள். விடியலில் கிளம்புங்கள், பிற்பகல் இடிமழைக்கு முன் முடிந்துவிடும். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் போதுமானது. கிளிக்லசைடு வகை மாத்திரை என்றால் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மலையேறும் நாளின் மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். பையில் மூன்று தேக்கரண்டி சீனி கட்டாயம். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டு உட்காருங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. அன்றைக்கு ஏற்றம் அத்துடன் நிற்கட்டும், கொடுத்தவர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.